சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு அமெரிக்க ஜூரி கடிதத்துக்குப் பதில் அனுப்பியது

கலிஃபோர்னியாவில் பல வருடம் வேலை பார்த்து, அங்கேயே குடியுரிமையும் எடுத்துக்கொண்டு, வயதான மாமியாரைப் பார்த்துக்கொள்ள பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அதனால் பிறந்த மண்ணிலேயே கணவரின் பெயரைக் காட்டி விசா வாங்கித்தான் இருக்கிறேன். அவர் கிரீன் கார்டோடு நிறுத்திக்கொண்டார். மலேசியப் பாஸ்போர்ட்டை விடவில்லை. ஒரே வீட்டில் இரண்டு நாடு.

இப்படி ஊர் திரும்பிய அமெரிக்கக் குடிமக்களுக்கு வரி, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் ஆளாளுக்கு எச்சரிக்கை சொல்வார்கள். ஜூரி என்பது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கோர்ட்டு கூப்பிட்டு உட்காரவைக்கும் பொதுமக்கள் குழு. அதற்கு அழைக்கும் கடிதம் பற்றி யாரும் சொல்வதில்லை. எனக்கு வந்தது மகன் வீட்டு முகவரிக்கு. அமெரிக்காவில் என் கடிதங்கள் போய்ச் சேரும் ஒரே இடம் அதுதான். ஒரு கவுண்டி (மாவட்டம் மாதிரி) கோர்ட்டிலிருந்து, இன்ன தேதியில் ஜூரிப் பணிக்கு வரவேண்டும் என்று. மகன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். உறையின் முன்பக்கம் மட்டும்! உள்ளே இருந்த தாளின் இரண்டு பக்கத்தையும் எடுத்து அனுப்பு என்று திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. ஜூரி எண், பதில் தரவேண்டிய தேதி, தகுதி பற்றிய கேள்விகள் எல்லாமே உள்ளேதான் இருக்கும்.

நாட்டிலேயே இல்லாத ஆளை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்கலாம். கோர்ட்டுக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. கலிஃபோர்னியாவில் வாக்காளர் பட்டியல், வண்டி லைசென்ஸ் தரும் இலாகாவின் பட்டியல், 2022 முதல் மாநில வருமான வரி தாக்கல் செய்தவர்களின் பட்டியல், இவற்றை ஒன்றாகச் சேர்த்து அதிலிருந்து குலுக்கலில் பெயர் எடுக்கிறார்கள். என் லைசென்ஸ் இன்னும் காலாவதியாகவில்லை. வெளிநாட்டு வாக்காளராகவும் பதிந்திருக்கிறேன். பெயர் வந்ததில் ஆச்சரியமே இல்லை.

விஷயம் வெளியே தெரிந்ததும் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஆளுக்கொரு யோசனை. பக்கத்து வீட்டு மாமா, “சமனா? அவசரப்பட்டுக் கட்டாதம்மா, வருசக் கடைசியில டிஸ்கவுண்ட் போடுவான்” என்றார். போலீஸ் சமனுக்கும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சமனுக்கும் கழிவு அறிவிக்கும்வரை காத்திருந்தே பழகிய ஊர். கோயிலில் பார்த்த ஒரு அக்கா, கடிதமே கைக்கு வரவில்லை என்று விட்டுவிடச் சொன்னார். என் நாத்தனார் மகன், லாஸ் ஏஞ்சலஸ் ஏர்போர்ட்டில் இறங்கியதுமே பிடித்து உள்ளே வைத்துவிடுவான் என்று மாமியார் காதில் போட்டுவிட்டான். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

இந்த மூன்றுமே சரியில்லை. கலிஃபோர்னியாவில் முதல் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் மறுபடி நோட்டீஸ் வரும். அதற்கும் அசையாவிட்டால், ஏன் வரவில்லை என்று நீதிபதி முன் விளக்கம் சொல்ல ஆணை வரலாம். அப்புறம்தான் அபராதம். முதல் தடவைக்கு 250 டாலர் வரை, இரண்டாவதற்கு 750 வரை, அதற்கு மேல் 1,500 வரை சட்டம் இடம் தருகிறது. ஜூரிப் பணிக்குப் போனால் கிடைக்கும் அடிப்படைத் தொகையோ இரண்டாம் நாளிலிருந்து நாளுக்கு 15 டாலர்தான். போகாததற்கான விலை அதைவிடப் பல மடங்கு. ஆனால் பதில் எழுதிப் போட்டவரை யாரும் துரத்துவதில்லை. தகுதியில்லாதவர் தகுதியில்லை என்று சொல்வதற்காகத்தானே அந்தத் தாளில் கேள்விகளே வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கேள்விகளில் ஒன்றில்தான் நான் நின்று யோசித்தேன். “நீங்கள் கலிஃபோர்னியாவில் நிலையாகக் குடியிருப்பவரா?”

இது லேசான கேள்வி இல்லை. நான் இப்போது படுத்துத் தூங்கும் இடம் சுங்கை சிப்புட். அதனால் மட்டும் கலிஃபோர்னியா என் நிலையான இருப்பிடம் இல்லை என்று ஆகிவிடாது. தற்காலிகக் காரணத்துக்காக வெளியே போய், திரும்பி வரும் எண்ணத்தோடு இருப்பவர் தன் இருப்பிடத்தை இழப்பதில்லை என்பது அந்த மாநிலத் தேர்தல் சட்டம். ஜூரி சட்டமும் இருப்பிடத்துக்கு அதே தேர்தல் சட்ட வரையறையைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதாவது ஓட்டுக்கு எது வீடோ, ஜூரிக்கும் அதுவே வீடு. என்னைக் கேட்டால், முழு விஷயமும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் தாளும் ஸ்டாம்ப்பும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறார். கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர், கூலிம் பக்கம் சிப் தொழிற்சாலை வேலைக்கு அவருடைய கம்பெனி அனுப்பி வைத்தது. ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிவிடுவார். அங்கே வீடு இருக்கிறது, வாடகைக்குக் கூட விடவில்லை. அவருக்கும் இதே மாதிரிக் கடிதம் வந்தது. அவர் “நான் குடியிருப்பவன் இல்லை” என்று குறி போட்டிருந்தால் அது பொய். அவர் செய்யவேண்டியது தேதியைத் தள்ளிவைக்கக் கேட்பது, அல்லது வேலை நிமித்தம் இவ்வளவு காலம் நாட்டில் இல்லை என்று ஒப்பந்தக் கடிதத்தோடு விலக்குக் கேட்பது. அப்படித்தான் செய்தார். தேதியைத் தள்ளிவைத்தார்கள். நாள் முடிந்ததும் மறுபடி கேட்கவேண்டும், கொஞ்சம் தொல்லைதான்.

என் கதை வேறு. அங்கே வீட்டை விற்றாயிற்று. கணவர் ஊர் திரும்பியதும் ஐ-407 படிவம் கொடுத்து கிரீன் கார்டைத் திருப்பி ஒப்படைத்துவிட்டார். மாமியாரைத் தனியே விட்டுப் போகும் உத்தேசமே இல்லை. நாங்கள் இருப்பது இங்கேதான். ஆகவே நான் “இல்லை” என்று குறித்தேன்.

குறிக்கும் முன் இன்னொரு தாளை எடுத்துப் பார்த்தேன், வெளிநாட்டிலிருந்து ஓட்டுப் போடப் பதிந்த படிவத்தை. அதில் திரும்பிப் போகும் எண்ணம் உண்டு, நிச்சயமில்லை, அமெரிக்காவில் வசித்ததே இல்லை என்று வகை வகையாகக் கேட்பார்கள். நான் நிச்சயமில்லை என்பதைத்தான் குறித்திருந்தேன். கட்டாயம் திரும்புவேன் என்று அங்கே எழுதிவிட்டு, ஜூரி தாளில் நான் அந்த மாநிலத்து ஆளே இல்லை என்று எழுதினால், ஒரே கையெழுத்து இரண்டு இடத்தில் இரண்டு பேச்சுப் பேசும். டெக்சாஸ் போன்ற மாநிலத்தில், இந்தக் கவுண்டியில் குடியிருக்கவில்லை என்று சொல்லி ஜூரியிலிருந்து விலகுபவரின் பெயர் வாக்காளர் பதிவு அலுவலகத்துக்கும் போகும். ஜூரியிலிருந்து கழன்றுகொள்ள எழுதிய ஒரு வரி, ஓட்டுரிமைப் பதிவில் வந்து நிற்கும் என்று அர்த்தம். மாநில வருமான வரியும் இப்படித்தான். ஓட்டுப் போட்டதை மட்டும் காட்டி வெளிநாட்டு வாக்காளரை வரிக்குக் குடியிருப்பவர் என்று பிடிக்கக்கூடாது என்று மத்தியச் சட்டம் இருக்கிறது. ஆனால் நாமே கையெழுத்துப் போட்டு எழுதிக்கொடுத்ததை யார் தடுப்பது? எனவே குறி போடுவதற்கு முன் லைசென்ஸ், ஓட்டு, வரி மூன்றிலும் நாம் என்ன சொல்லியிருக்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. உண்மை எதுவோ அதை நாலு இடத்திலும் ஒரே மாதிரி சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் சாட்சிக் காகிதம். இந்த டவுனில் எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் ‘பெசுருஹ்ஜயா சும்பா’விடம் (சத்தியப் பிரமாண ஆணையர்) போய்ச் சத்தியப் பிரமாணம் செய்து சாப் அடித்து வாங்கு என்பார்கள். என் கணவரும் அதையேதான் சொன்னார். இன்னொருவர் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கே போகச் சொன்னார். தூதரகத்தில் நோட்டரி முத்திரை ஒன்றுக்கு 50 டாலர். ஈப்போ போய் ரயில் ஏறிப் போய்வரும் செலவு தனி. இரண்டுமே தேவைப்படவில்லை. பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்று அறிந்து உறுதி கூறுகிறேன் என்ற வாசகத்தோடு, தேதி போட்டுக் கையெழுத்திட்டால் போதும். நாட்டுக்கு வெளியே இருந்து கையெழுத்துப் போடுபவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கலிஃபோர்னியா கோர்ட்டுக்கு என்றால் அந்த வாசகத்தில் “கலிஃபோர்னியா மாநிலச் சட்டங்களின் கீழ்” என்ற சொற்கள் இருக்கவேண்டும். மத்தியக் கோர்ட்டுக்கு என்றால் “அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின் கீழ்” என்று. இந்த நாலு வார்த்தை விட்டுப்போனால் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று திருப்பி அனுப்ப இடமுண்டு. இன்னொன்று, தூதரகம் ஜூரிப் பணியிலிருந்து விலக்குத் தருவதில்லை. அது கடிதம் போட்ட கோர்ட்டின் வேலை.

இணைத்தவை: விசா ஒட்டியிருந்த பாஸ்போர்ட் பக்கம், என் பெயரில் வரும் தெனாகா மின்கட்டண பில், வீடு விற்ற பத்திரத்தின் முதல் பக்கம். மின்கட்டண பில் மலாயில் இருந்ததால் மேலே ஒரு வெள்ளைத் தாளில் இது மலேசிய மின்சார பில், இது முகவரி, இது தேதி என்று ஆங்கிலத்தில் எழுதிச் சேர்த்தேன். அந்தக் கோர்ட்டு குமாஸ்தா பாவம், மலாய் படிக்கப்போவதில்லை. கடிதம் அரைப் பக்கம்தான். என்ன, எப்போதிலிருந்து, எங்கே, எந்தத் தாள் இணைப்பு. மாமியாரின் உடல்நிலையைப் பற்றி உருக்கமாக எழுத மகன் யோசனை சொன்னான். வேண்டாம் என்றேன். நான் விலக்குக் கேட்கவில்லை, தகுதி இல்லை என்று தெரிவிக்கிறேன். இரண்டையும் கலந்தால் படிக்கிறவருக்குக் குழப்பம்.

அனுப்புவதுதான் இழுத்தடித்தது. இணையத்தில் பதில் தரும் பக்கம் இங்கிருந்து திறக்கவே இல்லை. மகனையே என் ஜூரி எண்ணைப் போட்டுக் குறித்துவிடச் சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. அவன் என் பெயரில் உறுதிமொழி கொடுக்க முடியாது. மத்தியக் கோர்ட்டுப் படிவத்தில் மட்டும், நிரப்ப முடியாதவருக்காக வேறொருவர் நிரப்பினால், தான்தான் நிரப்பியதாகவும் ஏன் என்றும் அவரே குறிப்பிடவேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எனக்குக் கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆகவே போட்டோஸ்டாட் கடையில் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து மகனுக்கு அனுப்பினேன். அவன் தபாலில் போட்டான். இங்கிருந்து நேரே அமெரிக்காவுக்குத் தபால் போடுவதைவிட இது வேகம்.

தாள் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ளப் போன் செய்தாகவேண்டும். 1-800 என்று தொடங்கும் இலவச எண் இங்குள்ள போனிலிருந்து பெரும்பாலும் போகாது. ஊர் எண்ணோடு தொடங்கும் சாதாரண எண்ணைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காலை 8 மணி என்றால் கோடையில் இங்கே இரவு 11. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தபின் நள்ளிரவு 12. மாமியார் தூங்கியபின் அடுப்படியில் உட்கார்ந்து பேசினேன். எடுத்த அம்மாள் நல்ல மாதிரி. பெயரையும் எண்ணையும் கேட்டு, தாள் வந்திருக்கிறது, விலக்கிவிட்டோம் என்றார். அவர் சொன்னதோடு தேதியையும் நேரத்தையும் தாளிலேயே எழுதி, நகலோடு சேர்த்து ஃபைலில் வைத்திருக்கிறேன்.

இந்த நாட்களில் ஒரு நல்ல பேச்சும் கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் முன்பு கிராணியாக (ஆபீஸ் எழுத்தராக) இருந்தவர், இப்போது டவுனில் மகளோடு இருக்கிறார். கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார். “நானும் ஜூரியில உட்கார்ந்தவன்தான், தெரியுமா?” என்றார். எனக்குத் தெரியாது. தைப்பிங் ஐகோர்ட்டில் ஒரு கொலைக் கேஸ். இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும் என்பதால் கிராணிமார்களுக்கும் வாத்தியார்மார்களுக்கும் அடிக்கடி அழைப்பு வருமாம். தோட்டத்துத் துரை லீவு கொடுக்க முகம் சுளித்தாராம். மலேசியாவில் ஜூரி முறை 1995-ல் போய்விட்டது. ஏழு பேர்தான் ஜூரி, ஐந்துக்கு இரண்டு என்று பெரும்பான்மை இருந்தாலே தீர்ப்புச் சொல்லலாம். அரசியல்வாதி ஒருவரைக் கொன்றதற்காகத் தெமர்லோவில் நடந்த மோனா ஃபண்டே வழக்கு கடைசிக் காலத்து ஜூரி வழக்குகளில் ஒன்று. அமெரிக்காவில் கிரிமினல் வழக்கில் எல்லா ஜூரியும் ஒத்துப்போனால்தான் குற்றவாளி என்று சொல்ல முடியும், மாநிலக் கோர்ட்டுகளுக்கும் இது கட்டாயம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்றேன். “பன்னெண்டு பேரா? நாங்க ஏழு பேரே சாப்பாட்டு நேரத்துக்கு ஒத்துப்போகலையேம்மா” என்று சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் கேஸ் ஆளுக்கு என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை. ஜூரிப் பணி வெறும் தொல்லை என்று எனக்கு இருந்த நினைப்பு, அவர் பேச்சுக்குப் பின் கொஞ்சம் மாறியது உண்மை. பக்கத்தில் இருந்தால் போயிருப்பேன்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் குடிமகன் அல்லாதவருக்கும் கடிதம் வரும். என் கணவருக்கு அங்கே இருந்த காலத்தில் வந்திருக்கிறது. குடிமகன் இல்லை என்ற பெட்டியில் குறி போட்டு அனுப்பினார், வேலை முடிந்தது. கடிதம் வந்துவிட்டதே, போய்த்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது என்று பயந்துபோய் குடிமகன் என்று குறித்துவிடக்கூடாது. குடியுரிமை இருப்பதாகப் பொய்யாகச் சொல்வதை அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டம் மிகக் கடுமையாகப் பார்க்கிறது. நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம். அதே போலக் குடிமகனாக இருந்துகொண்டு, தப்பிக்க வேண்டி இல்லை என்று குறிப்பதும் ஆபத்து. அந்தத் தாள் உறுதிமொழித் தாள். சும்மா நிரப்புகிற சர்வே இல்லை.

மத்தியக் கோர்ட்டிலிருந்து வந்தால் விதி கொஞ்சம் வேறு. அதற்கு 1968-ல் வந்த சட்டம் ஒன்று உண்டு. 18 வயதான குடிமகன், அந்தக் கோர்ட்டு வட்டாரத்தில் ஒரு வருடமாக முதன்மையாகக் குடியிருப்பவர், படிவம் நிரப்பும் அளவுக்கு ஆங்கிலம் தெரிந்தவர் என்று தகுதி சொல்கிறது. அந்த ஒரு வருடம் என்பது நம் போன்றவர்களுக்கு விஷயத்தைச் சுலபமாக்கிவிடும். அங்கே சம்பளம் நாளுக்கு 50 டாலர். வராமல் டபாய்த்தால் 1,000 டாலர் வரை அபராதம், மூன்று நாள் வரை சிறை, சமூக சேவை, அல்லது மூன்றும் சேர்த்து.

போன் மோசடியையும் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டு ஆள் என்று சொல்லி, நீங்கள் ஜூரிக்கு வராததால் வாரண்ட் போட்டாயிற்று, இப்போதே கிஃப்ட் கார்டில் பணம் கட்டினால் ரத்து என்று மிரட்டும் கும்பல் அமெரிக்காவில் ரொம்ப நாளாகவே உண்டு. கோர்ட்டு போனில் பணம் கேட்காது, சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கேட்காது. முதல் தகவல் தபாலில்தான் வரும். மகன் வீட்டு லேண்ட்லைனுக்கு ஒருமுறை இப்படி ஒருவன் பேசியிருக்கிறான். இரண்டு கடிதம் பார்த்த அனுபவத்தில் ஜூரி எண் என்ன என்று மருமகள் கேட்டதும் வைத்துவிட்டானாம்.

ஒருமுறை விலக்கியதோடு பெயர் போய்விடாது. கோர்ட்டு அந்த அழைப்பை மட்டும்தான் மூடுகிறது. லைசென்ஸ் பட்டியலும் வரிப் பட்டியலும் அப்படியே இருக்கும், அடுத்த குலுக்கலில் மறுபடி வரலாம். லைசென்ஸைப் புதுப்பிக்கப்போவதில்லை, அது தானாக முடியட்டும். ஓட்டை விடமாட்டேன். அதனால் கடிதம் மறுபடி வரத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். பழைய கடிதம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தேதியையும் மின்கட்டண பில்லையும் மாற்றினால் போதும்.